முதல் திகில் நாவல் தன் வாசகரைச் சென்றடைந்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வு, ஆங்கிலத்தில் தம் முதல் திகில் நாவலை எழுதிய ஒருவரையும், அதை வெளியிட்ட சிறு பதிப்பகத்தையும் பற்றியது. அப்பதிப்பகத்தில் விளம்பரப் பணிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் இருந்ததால், கைப்பிரதி ஏற்கப்பட்டதிலிருந்து நூல் வெளியாகி ஓராண்டு கடக்கும்வரை நடந்தவற்றை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு, பெயர்களையும் நூலின் தலைப்பையும் தவிர்த்து இதைப் பதிவு செய்கிறேன்.

நாவலாசிரியர் நடுவயதைக் கடந்தவர்; நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றியவர். அதற்குமுன் சில சிறுகதைகள் மட்டுமே இதழ்களில் வந்திருந்தன. நாவலின் களம் ஒரு முதியோர் இல்லம். இரவுப்பணிக்குப் புதிதாக வரும் செவிலியர் ஒருவர், யாரும் தங்காத அறையிலிருந்து அழைப்புமணி ஒலிப்பதையும், அங்கே பல ஆண்டுகளாக வேலை செய்பவர்கள் அதைக் கேட்டும் கேளாதவர்களாக இருப்பதையும் மெல்ல மெல்லக் கண்டுகொள்வதுதான் கதை. இரத்தம் சிந்தும் காட்சிகள் மிகக் குறைவு. அச்சம் முழுவதும் மௌனத்திலிருந்தும் பணியாளர்களின் பழக்கவழக்கங்களிலிருந்தும் பிறக்கிறது.

பதிப்பகத்தின் வளம் சிறியது. பெரிய அளவில் கட்டண விளம்பரம் செய்ய வழியில்லை. ஆசிரியருக்குச் சமூக ஊடகங்களில் சொல்லிக்கொள்ளும்படியான வட்டமும் இல்லை. எனவே, திகில் இலக்கியத்தை விடாமல் வாசிக்கும், அதைப் பற்றிப் பேசும் மனிதர்களை நூல் எப்படிச் சென்றடையும் என்பதே தொடக்கத்திலிருந்து எங்கள் முன் நின்ற கேள்வி.

முதலில் கவனித்தவை

கைப்பிரதி செம்மையாக்கத்தில் இருந்தபோதே ஆசிரியர் தம் ஆர்வத்தால் ஒரு வாசகர் குழுவில் சேர்ந்து, அட்டைப்படத்தின் மாதிரியையும் சிறு அறிமுகத்தையும் பதிவிட்டார். குழுவின் விதிகள் சொந்த நூலை விளம்பரப்படுத்தும் பதிவுகளுக்கு வாரத்தில் ஒரு நாளை மட்டுமே ஒதுக்கியிருந்தன; பதிவு அன்றே நீக்கப்பட்டது. உறுப்பினர் ஒருவர், “நீங்கள் இங்கே எந்த நூலைப் பற்றியும் இதுவரை ஒரு வார்த்தை எழுதவில்லையே” என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி நியாயமானது. ஆசிரியரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

அதன்பின் சில வாரங்கள் நாங்கள் எதையும் பதிவிடாமல், அத்தகைய குழுக்களில் வாசகர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்தோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் திகில் என்பது ஒரே வகைமையாகத் தோன்றலாம். உள்ளே இருப்பவர்களுக்கு அப்படியில்லை. பேய்வீட்டுக் கதை, உடல் சிதைவைச் சொல்லும் கதை, நாட்டார் நம்பிக்கையில் வேர்விட்ட கதை, பிரபஞ்சத்தின் முன் மனிதர் ஒன்றுமில்லை என்று உணர்த்தும் கதை, மெல்ல நகரும் அமைதியான திகில் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வாசகர்கள் இருக்கிறார்கள். ஒருவர் இன்ன நூல் போல வேண்டும் என்று கேட்கும்போது, எதனால் அந்த நூல் தமக்குப் பிடித்தது என்பதையும் வியக்கத்தக்க துல்லியத்தோடு சொல்கிறார். “மிகப் பயங்கரமான நாவல் எது” என்ற கேள்வி புதியவர்களிடமிருந்தே பெரும்பாலும் வந்தது. பழகிய வாசகர்கள் எத்தகைய அச்சம் என்றே கேட்டார்கள்.

இதையும் வேறொன்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எங்கள் சிக்கல் தெளிவானது. கைப்பிரதியை முன்கூட்டி வாசித்தவர்களில், வன்முறை நிறைந்த கதைகளை விரும்புபவர்கள் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள். மெதுவான கதைகளை விரும்புபவர்களோ கடைசி அத்தியாயத்தை இரண்டாம் முறை வாசித்ததாகச் சொன்னார்கள். ஆனால் பதிப்பகம் அப்போது எழுதி வைத்திருந்த பின்னட்டைக் குறிப்பு முதல் வகையினரையே அழைத்துக்கொண்டிருந்தது. நூலை வாங்கக்கூடியவர் ஒருவர், நூலை விரும்பக்கூடியவர் வேறொருவர் என்ற நிலையில் எவ்வளவு விளம்பரம் செய்தாலும், அது ஏமாந்த வாசகர்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டும்.

பின்னட்டைக் குறிப்பை மாற்றியது

முதல் வடிவம் “உறைய வைக்கும் பயங்கரம், ஒவ்வொரு பக்கத்திலும் மரணம்” என்று தொடங்கி, “தைரியமிருந்தால் படியுங்கள்” என்று முடிந்தது. நாவலில் ஒவ்வொரு பக்கத்திலும் மரணம் இல்லை. முழு நாவலிலும் நிகழும் மரணங்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். பதிப்பாளர் இந்த வரிகளை விட்டுக்கொடுக்கத் தயங்கினார். கடை அலமாரியில் கண்ணில் படவேண்டுமென்றால் குரல் உயர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அந்தக் கருத்தை ஒதுக்கிவிட முடியாது. கடைக்காரர் ஒரு நூலை எந்த வரிசையில் வைப்பது என்பதைப் பின்னட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

ஆசிரியரே இறுதியில் வழி சொன்னார். நாவலின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து பொருளை எடுத்து அவர் எழுதிக் கொடுத்த வரிகள் இவை: “பதினான்காம் அறையில் யாரும் இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு அந்த அறையின் மணி அடிக்கிறது. மூத்த செவிலியர் எழுந்து சென்று, கதவைத் திறக்காமலேயே, ‘இதோ வந்துவிட்டேன் அம்மா’ என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறார்.” பதிப்பாளர் இதை இரண்டு முறை வாசித்துவிட்டுப் பழைய குறிப்பைக் கைவிடச் சம்மதித்தார். இந்தப் பணியில் எடுக்கப்பட்ட முடிவுகளுள் பின்விளைவு அதிகம் கொண்டது இதுவே என்று நான் கருதுகிறேன். பின்னால் வந்த மதிப்புரைகளில் பலவும், பாட்காஸ்ட் நேர்காணல்களில் கேட்கப்பட்ட முதல் கேள்வியும், அந்த மூத்த செவிலியர் ஏன் கதவைத் திறப்பதில்லை என்பதிலிருந்துதான் தொடங்கின.

அட்டைப்படத்திலும் இதற்கேற்ற மாற்றம் செய்யப்பட்டது. மண்டையோடும் சிவப்பு எழுத்தும் போய், விளக்கெரியும் நீண்ட நடைபாதையும் அதன் கடைசியில் சாத்திய கதவும் வந்தன.

வெளியீட்டு மாதம்

பதிப்பகத்தின் முதல் திட்டம் அக்டோபர். ஹாலோவீன் காரணமாகத் திகில் நூல்களுக்குக் கடைகளிலும் ஊடகங்களிலும் அந்த மாதத்தில் இடம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் பெரிய பதிப்பகங்களும் அதே காரணத்துக்காகத் தங்கள் நூல்களை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இறக்குகின்றன. மதிப்புரையாளர்களின் மேசை அப்போது நிரம்பி வழியும். பெயர் தெரியாத ஒருவரின் முதல் நாவல் அதில் அடியில் போய்விடும்.

இன்னொரு காரணமும் இருந்தது. திகில் எழுத்தாளர் சங்கம் வழங்கும் பிராம் ஸ்டோக்கர் விருதுகள், 1987ஆம் ஆண்டு நூல்களிலிருந்து தொடங்கி ஆண்டுதோறும் அளிக்கப்படுகின்றன. அவற்றில் முதல் நாவலுக்கென்றே தனிப்பிரிவு உண்டு. சிறு பதிப்பகங்களின் நூல்களும் பரிசீலனைக்கு வரலாம். தகுதி நாட்காட்டி ஆண்டைப் பொறுத்தது. ஆண்டின் கடைசியில் வெளியாகும் நூலைச் சங்க உறுப்பினர்கள் வாசித்து, பிறருக்குப் பரிந்துரைக்கக் கிடைக்கும் காலம் குறுகியது. ஆண்டின் தொடக்கத்தில் வெளியாகும் நூலுக்கு அது நீண்டது. விருது கிடைக்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. ஆனால் முதல் நாவல் பிரிவில் ஓர் எழுத்தாளர் வாழ்நாளில் ஒருமுறைதான் நிற்க முடியும் என்பதால், நூல் வாசிக்கப்படுவதற்கான காலத்தை நாமே சுருக்கிக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தோம். வெளியீடு மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

இந்தத் தள்ளிவைப்பால் ஒரு நன்மை உடனே கிடைத்தது. நூல் வணிகத்துக்கான மதிப்புரை இதழ்கள், வெளியீட்டுக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே பிரதியைக் கேட்பது வழக்கம். பழைய திட்டப்படி அந்தக் கெடு தவறியிருக்கும்.

முன்வாசிப்புப் பிரதிகள்

யாருக்குப் பிரதி அனுப்புவது என்பதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. கிடைக்கும் முகவரிகளுக்கெல்லாம் அனுப்பலாம் என்பது ஒரு தரப்பு. அமைதியான திகிலை விரும்பி எழுதுபவர்களுக்கு மட்டும் அனுப்பலாம் என்பது மற்றொரு தரப்பு. இரண்டாவதையே தேர்ந்தோம். அச்சிட்ட பிரதிக்கும் அஞ்சலுக்கும் ஆகும் செலவு ஒரு காரணம் என்றாலும், பொருந்தாத வாசகரிடம் போன பிரதியால் நேரும் பாதிப்பே முக்கியக் காரணம்.

ஒவ்வொருவரும் முன்பு எழுதிய மதிப்புரைகளை வாசித்த பிறகே கடிதம் எழுதப்பட்டது. கடிதம் நான்கைந்து வாக்கியங்களுக்கு மேல் போகவில்லை. அவர் எழுதிய எந்த மதிப்புரை எங்களை அவரிடம் அழைத்துவந்தது, நாவல் எத்தகையது, அதில் எது இல்லை, அச்சுப் பிரதி வேண்டுமா மின்நூல் வேண்டுமா, வெளியீட்டு நாள் எது என்பவை மட்டுமே அதில் இருந்தன. “இதில் இரத்தம் மிகக் குறைவு, வேகமும் குறைவு” என்ற வரியை நான் வற்புறுத்திச் சேர்த்தேன். சிலர் அந்த வரிக்காகவே மறுத்தார்கள். அந்த மறுப்புகளை இழப்பாக நான் கருதவில்லை.

நெட்கேலி வழியாகவும் மின்பிரதிகள் கொடுக்கப்பட்டன. அங்கே வாசகர்கள் பிரதி கேட்டு விண்ணப்பிக்க, பதிப்பகம் ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம். பெற்ற நூல்களில் 80 விழுக்காட்டுக்காவது கருத்து எழுதும்படி அத்தளம் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைக்கிறது. விண்ணப்பிப்பவரின் பழைய கருத்துகளைப் பார்த்து ஒப்புதல் கொடுக்க முடிந்ததால், மேற்சொன்ன அதே அளவுகோலை இங்கும் பின்பற்றினோம்.

பிரதி பெற்றவர்களிடம் மதிப்புரை எழுதியே ஆகவேண்டும் என்று ஒருபோதும் கேட்கவில்லை. இது பண்பாடு சார்ந்தது மட்டுமல்ல. அமேசானின் விதிகளின்படி நூலை இலவசமாகக் கொடுக்கலாம். ஆனால் மதிப்புரையை நிபந்தனையாக்கக் கூடாது, அதற்குப் பணமோ வேறு பயனோ தரக்கூடாது, குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் எழுதக்கூடாது. ஆசிரியரின் உறவினர்கள் சிலர் உற்சாகமாக எழுத முன்வந்தபோது, அவர் இதை விளக்கி, அதற்குப் பதிலாகத் தங்கள் ஊர் நூலகத்தில் நூலை வாங்கச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். அமெரிக்காவில் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல், இலவசமாகப் பெற்ற பொருளைப் பற்றி எழுதுபவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. எனவே எங்கள் கடிதத்திலும் அந்த வேண்டுகோள் இருந்தது.

சமூகத்துக்குள் ஆசிரியர் நுழைந்த விதம்

வாசகர் குழுவில் எழுந்த அந்தக் கேள்விக்குப் பின், ஆசிரியர் தம் நூலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டுப் பிறர் நூல்களைப் பற்றி எழுதத் தொடங்கினார். இது என் ஆலோசனை அன்று, அவரது முடிவு. மருத்துவமனைகளும் காப்பகங்களும் இடம்பெறும் திகில் கதைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் இரவுப்பணி எவ்வளவு நம்பகமாக எழுதப்பட்டிருக்கிறது என்று செவிலியரின் கண்ணால் பார்த்து எழுதினார். இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே ஒரு நோயாளர் பிரிவில் உண்மையில் என்னென்ன ஒலிகள் கேட்கும், எந்த ஒலி நின்றால் செவிலியர் தலைநிமிர்ந்து பார்ப்பார் என்பதை அவர் விவரித்த குறிப்பு, குழுவுக்கு வெளியேயும் பலரால் பகிரப்பட்டது. அந்தக் குறிப்பில் அவருடைய நாவலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. யாரோ ஒருவர் பின்னூட்டத்தில், “நீங்கள் ஏன் ஒரு நாவல் எழுதக்கூடாது” என்று கேட்டபோதுதான் எழுதியிருப்பதாகச் சொன்னார்.

இப்படிச் செய்வதற்கு அவருக்கு எட்டு மாத அவகாசம் கிடைத்தது. வெளியீடு தள்ளிப்போகாமல் இருந்திருந்தால் இதற்கு இடமே இருந்திருக்காது.

இதற்கிடையே திகில் எழுத்தாளர் சங்கத்தில் அவர் உறுப்பினரானார். அனுபவமுள்ள எழுத்தாளரைப் புதியவரோடு இணைக்கும் வழிகாட்டித் திட்டம் அங்கே உண்டு. அதில் கிடைத்த மூத்த எழுத்தாளர் விளம்பரத்தைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. இரண்டாம் நாவலை இப்போதே தொடங்குங்கள் என்றார். வெளியீட்டு வாரத்தின் பதற்றத்தைத் தாங்குவதற்கு அதுவே தமக்குப் பெரிதும் உதவியது என்று ஆசிரியர் பின்னர் என்னிடம் சொன்னார்.

ஒரு கடுமையான மதிப்புரை

வெளியீட்டுக்கு ஆறு வாரங்கள் இருந்தபோது, முன்பிரதி வாசித்த ஒருவர், வாசகர்கள் நூல்களுக்கு நட்சத்திர மதிப்பும் கருத்தும் பதியும் குட்ரீட்ஸ் தளத்தில், ஒற்றை நட்சத்திரத்தோடு நீண்ட கருத்து எழுதினார். நாவலில் மறதிநோய் கொண்ட மூதாட்டி ஒருவரைப் பணியாளர் ஒருவர் திட்டமிட்டுப் புறக்கணிக்கும் காட்சி வருகிறது. கருத்து எழுதியவர் தம் தாயை அண்மையில் அதே நோயில் இழந்தவர். இப்படி ஒரு காட்சி வரும் என்று எங்கும் சொல்லப்படவில்லை, பேய்க்கதை என்று நம்பி வாசித்தேன் என்பது அவர் குற்றச்சாட்டு.

ஆசிரியர் மிகவும் கலங்கிப்போனார். தாமும் அத்தகைய நோயாளர்களைக் கவனித்துக்கொண்டவர் என்பதையும், அந்தக் காட்சி எந்த நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பதையும் விளக்கிப் பதில் எழுத விரும்பினார். வேண்டாம் என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம். வாசகரின் கருத்துக்குக் கீழே எழுத்தாளர் வந்து விளக்கம் சொன்னால், அது எவ்வளவு கனிவாக இருந்தாலும் வாசகரை மௌனமாக்கும் செயலாகவே பார்க்கப்படும். எதிர்மறைக் கருத்துகளுக்குப் பதில் எழுத வேண்டாம் என்று குட்ரீட்ஸும் எழுத்தாளர்களுக்கு அறிவுறுத்துகிறது.

பதில் எழுதவில்லை என்பதால் குறை இல்லை என்று ஆகிவிடாது. உள்ளடக்க எச்சரிக்கை வேண்டுமா என்பது திகில் எழுத்தாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடுள்ள விஷயம். அச்சம்தான் இந்த வகைமையின் பொருள் எனும்போது முன்னறிவிப்பு அதைக் கெடுத்துவிடும் என்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. திகில் வாசகர் அஞ்சுவதற்கு ஒப்புக்கொண்டு வருகிறார். தம் சொந்தத் துயரம் எதிர்பாராத இடத்தில் கிளறப்படுவதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டோரிகிராஃப் தளத்தில் வாசகர்களே கடுமை, மிதம், சிறிது என்ற மூன்று நிலைகளில் இத்தகைய எச்சரிக்கைகளைக் குறிக்கிறார்கள் என்பது, இந்தத் தேவை வாசகர்களிடமிருந்தே எழுந்தது என்பதைக் காட்டுகிறது.

நூலின் உரிமைப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு சிறு குறிப்பைச் சேர்த்தோம். “முதியோரைப் புறக்கணித்தல், மறதிநோய், உறவினரின் மரணம் ஆகியவை இந்நாவலில் இடம்பெறுகின்றன” என்பதோடு நின்றது அது. எந்த அத்தியாயம், யாருக்கு என்ன ஆகிறது என்பவை சொல்லப்படவில்லை. அச்சுக்குப் போகும் முன் கோப்பைத் திருத்த அவகாசம் இருந்தது நல்வாய்ப்பு. பின்னர் வந்த வேறொரு மதிப்புரையில், தாயைப் பராமரித்துக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர், அந்தக் குறிப்பைப் பார்த்து நூலைச் சில மாதங்கள் ஒதுக்கி வைத்துவிட்டு, பின்னர் தாமே தயாரான நேரத்தில் வாசித்ததாக எழுதியிருந்தார்.

வெளியான பின்

முதல் வாரத்தின் விற்பனை அடக்கமாகவே இருந்தது. பதிப்பாளருக்கு அது ஏமாற்றம். குட்ரீட்ஸில் பரிசுப்பிரதிக் குலுக்கல் ஒன்றும் நடத்தப்பட்டது. 2018 முதல் அது கட்டணச் சேவை. கலந்துகொள்பவர்களின் ‘வாசிக்க விரும்பும்’ பட்டியலில் நூல் தானாகவே சேர்ந்துவிடுவதால் எண்ணிக்கை உயர்ந்து தெரிந்தது. ஆனால் பட்டியலில் சேர்ந்ததற்கும் வாசிக்கப்பட்டதற்கும் எங்களால் எந்தத் தொடர்பையும் காண முடியவில்லை.

மாறுதல் மூன்றாம் மாதத்தில்தான் தெரிந்தது. திகில் நூல்களை மட்டுமே பேசும் சிறு பாட்காஸ்ட் ஒன்றில் ஆசிரியர் மூன்றாம் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினார். அவசரமில்லாமல், நோயாளரிடம் பேசும் தாழ்ந்த குரலில் அவர் வாசித்தது கேட்டவர்களிடம் நின்றுவிட்டது. அந்த நிகழ்ச்சியின் நேயர்கள் பெருங்கூட்டம் அல்லர். ஆனால் ஒருவருக்கொருவர் நூல் பரிந்துரைப்பவர்கள். அதற்குப் பின் விற்பனை பாய்ச்சலாக உயரவில்லை, குறையாமல் நின்றது. வெளியான மாதத்தைவிட அடுத்த அக்டோபரில் அதிகம் விற்றது. ஹாலோவீனுக்காக வாசகர்கள் பட்டியல் போடும் நேரத்தில், ஏற்கெனவே வாசித்து முடித்தவர்கள் பரிந்துரைக்கும் நிலையில் அந்நூல் இருந்தது.

நூலகர்களின் பங்கும் இங்கே பெரிது. திகில் எழுத்தாளர் சங்கம் நூலக அமைப்புகளோடு சேர்ந்து 2019 முதல் நடத்தும் ‘சம்மர் ஸ்கேர்ஸ்’ போன்ற வாசிப்புத் திட்டங்கள், திகிலைத் தயங்காமல் பரிந்துரைக்கும் நூலகர்களை உருவாக்கியிருக்கின்றன. அந்தத் திட்டத்தின் பட்டியலில் எங்கள் நூல் இல்லை. ஆனால் அதில் ஈடுபாடு கொண்ட நூலகர்கள் சிலர் தங்கள் வாசிப்பு வட்டத்துக்கு இதைத் தேர்ந்தார்கள். விருதின் இறுதிப் பட்டியலில் நாவல் இடம்பெறவில்லை. அதே ஆண்டில் ஆசிரியருக்கு ஒரு தொகுப்பு நூலுக்குச் சிறுகதை கேட்டு அழைப்பு வந்தது. அழைத்த தொகுப்பாசிரியர், நாங்கள் முன்பிரதி அனுப்பியவர்களில் ஒருவர்.

இனி மாற்ற வேண்டியவை

இரண்டாம் நாவலுக்கான திட்டத்தில் சில மாற்றங்கள் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டுள்ளன. உள்ளடக்கக் குறிப்பு கைப்பிரதி நிலையிலேயே தயாராகி, முன்பிரதிகளிலும் இடம்பெறும். பரிசுப்பிரதிக் குலுக்கலுக்கான தொகை, நூலகர்களுக்கு அச்சுப் பிரதி அனுப்பப் பயன்படும். முன்பிரதியோடு ஆசிரியர் தம் குரலில் வாசித்த ஓர் அத்தியாயத்தின் ஒலிப்பதிவும் போகும்.

பதிப்பாளர் இன்னும் அக்டோபர் வெளியீட்டை முழுமையாகக் கைவிடவில்லை. அறிமுகமான பெயர் என்பதால் இம்முறை நெரிசலில் நூல் தொலையாது என்கிறார். முதல் நாவல் பிரிவின் காலக் கணக்கு இனி பொருந்தாது என்பதால் அவர் வாதத்துக்கு முன்பைவிட வலு கூடியிருக்கிறது. கைப்பிரதி முழுமையாகக் கையில் வந்தபின் இதை முடிவு செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். அதுவரை ஆசிரியர் பிறர் நூல்களைப் பற்றி எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து எழுதிவருகிறார்.